வலது கை குடைச்சல்: எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா, நரம்பு டெஸ்டா?

வானம்பாடி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. மூன்று மாதமாக வலது கையில் வலி. வலி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேனே தவிர, அது எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் தோளிலிருந்து முழங்கை வரை ஒரு குடைச்சல், கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கூடும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் அடங்கும். போன வாரம் கையில் பிடித்திருந்த டம்ளர் தன்னால் நழுவி விழுந்தது. அதுவரை சாதாரணமாக இருந்த எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டார், கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார், ரிப்போர்ட்டில் சி5-சி6 இடத்தில் (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புக்கு நடுவில்) தேய்மானம் என்று வந்தது. மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தார். மூன்று வாரம் போட்டேன், கழுத்து வியர்த்ததுதான் மிச்சம். அடுத்து பார்த்தவர் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். நர்ஸாக இருக்கும் என் அத்தை மகள், அதெல்லாம் வேண்டாம், முதலில் நரம்பு டெஸ்ட் எடு என்கிறாள். ஆபீஸில் ஒருவர் தோளுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்க்கச் சொல்கிறார்.

ஒரு கைக்கு இத்தனை டெஸ்டா? இதில் எது எதைக் காட்டும், எது எனக்குத் தேவை, எதை முதலில் எடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அந்த நரம்பு டெஸ்டில் கரண்ட் வைப்பார்களாமே, உண்மையா?

பழைய_சைக்கிள்:

சிஸ்டர், மற்ற எதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கை வலி வந்து, நின்றால் குறைகிறதா? கூடவே நெஞ்சில் பாரம், தாடையில் இழுப்பு, மூச்சு வாங்குவது, குப்பென்று வியர்ப்பது ஏதாவது உண்டா? இடது கைதான் இதயம், வலது கை என்றால் பயமில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். இதய வலி வலது கைக்கும் போகும், இரண்டு கைக்கும் போகும்.

எங்கள் வீட்டில் பட்டது இது. என் அப்பா இரண்டு நாள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். எடுத்த முதல் ஈசிஜி நார்மல். நல்லவேளை அங்கே இருந்த டியூட்டி டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை, இதயத் தசை சேதமானால் காட்டிக்கொடுக்கும் டிராப்பனின் ரத்தப் பரிசோதனை எடுத்தார், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார், இரண்டாவதில் ஏறியிருந்தது. ஒரே ஒரு ஈசிஜி நார்மல் என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அப்படி அறிகுறி இருந்தால் இங்கே டைப் அடித்துக்கொண்டு இருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வானம்பாடி:

நன்றி அண்ணா. இல்லை, நடந்தால் கூடுவதில்லை, படி ஏறினாலும் ஒன்றும் இல்லை. நெஞ்சில் எதுவும் இல்லை. ராத்திரி படுத்தால்தான் தொல்லை.

ஏழாம்_எலும்பு:

பிசியோவாக வேலை பார்க்கிறேன், கை வலி என்று தினமும் நாலைந்து பேரைப் பார்ப்பேன். நீங்கள் எழுதியதில் இரண்டு மூன்று வரி எனக்கு ரொம்ப உபயோகமாகப் பட்டது, அதை முதல் டாக்டர் கேட்டாரா என்று தெரியவில்லை. ராத்திரி விழிப்பு, உதறினால் அடங்குகிறது, டம்ளர் நழுவியது. கையை உதறுவது என்பது நீங்களாகக் கண்டுபிடித்த வைத்தியம் என்று நினைப்பீர்கள், மணிக்கட்டில் நரம்பு அழுந்தியவர்கள் பாதிப் பேர் அதையேதான் செய்துகொண்டு வருவார்கள். நாங்கள் "ராத்திரி என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்போம், அவர்கள் பேசாமல் கையை உதறிக் காட்டுவார்கள்.

எந்த டெஸ்ட் எடுப்பது என்பதற்கு முன்னால், எந்த இடத்தைச் சந்தேகப்படுகிறோம் என்பது முடிவாக வேண்டும். மிஷின் தேடச் சொன்ன இடத்தில்தான் தேடும். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினால் கழுத்தைத்தான் காட்டும், கழுத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ஜப்பானில் வலியே இல்லாத 1211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, பிதுங்கி இருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது. அப்படி இருக்க 43 வயதில் சி5-சி6 தேய்மானம் என்று எக்ஸ்ரே சொன்னால் அதை நரை முடி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுதான் காரணமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் நரம்பும் தெரியாது, டிஸ்க்கும் தெரியாது, எலும்புக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் தெரியும்.

இடத்தை முடிவு செய்வது கையால் செய்யும் பரிசோதனை. தலையைப் பின்னால் சாய்த்து வலிக்கிற பக்கம் திருப்பி உச்சியில் மெதுவாக அழுத்துவோம், ஸ்பர்லிங் டெஸ்ட் என்று பெயர். அழுத்தியதும் கைக்குள் சுரீர் என்று இறங்கினால் கழுத்துதான் குற்றவாளி என்று பாதி சந்தேகம் தீரும். (இதை வீட்டில் யாரையும் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டாம்.) அப்புறம் சின்ன சுத்தியலால் முழங்கை மடிப்பில், முழங்கைக்குப் பின்னால் தட்டி அனிச்சை வினை பார்ப்போம். பின்னால் தட்டும்போது கை துள்ளவில்லை என்றால் சி7 வேர் (கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்குக் கிளம்பும் நரம்பு வேர்களில் ஒன்று) மேல் கண் வைப்போம். கழுத்தில் எலும்பு ஏழுதான், ஆனால் நரம்பு வேர் எட்டு, அதனால் ரிப்போர்ட் படிக்கும்போது கொஞ்சம் குழம்பும்: சி5-சி6 டிஸ்க் பிதுங்கினால் பொதுவாக அழுந்துவது சி6 வேர், அது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் போகும். சி7 நடுவிரலுக்கு, சி8 சுண்டுவிரல் பக்கத்துக்கு.

தோள் என்றால் கதையே வேறு. கையை நீங்களே தூக்கும்போது வலித்து, நான் தூக்கிவிட்டால் முழுக்கப் போகிறது என்றால் தசைநாரில் கோளாறு. நான் தூக்கினாலும் பாதியில் கதவு பூட்டின மாதிரி நின்றுவிட்டால் அது உறைந்த தோள். தோள் வலி பெரும்பாலும் முழங்கையோடு நின்றுவிடும், விரலை மரக்க வைக்காது. முழங்கைக்கு வெளிப்பக்க எலும்பில் தொட்டால் உயிர் போகிறது, துணி பிழிந்தால் வலி என்றால் டென்னிஸ் எல்போ. அதற்கு ஸ்கேனே வேண்டாம், விரல் வைத்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உங்களுக்கு வீட்டிலேயே ஆபத்தில்லாமல் பார்க்கக்கூடியது நாலு இருக்கிறது, பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டு புறங்கையையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். ஃபாலன் டெஸ்ட். விரல் மரக்கிறதா, எத்தனை விநாடியில் என்று பாருங்கள்.

வலிக்கிற நேரம் அந்தக் கையைத் தூக்கி உச்சந்தலை மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் நிம்மதியாக இருக்கிறது என்றால் அது கழுத்துப் பக்கம் சாய்கிறது.

மோதிர விரலைக் கவனியுங்கள். ஒரு பஞ்சைத் திரித்து அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தடவுங்கள். மணிக்கட்டு வழியாகப் போகும் மீடியன் நரம்பு, மோதிர விரலில் நடுவிரலைப் பார்த்த பாதிக்கு மட்டும்தான் சொந்தக்காரர். சுண்டுவிரலைப் பார்த்த பாதி அல்னார் நரம்புடையது. ஒரே விரல் நடுவில் கோடு போட்ட மாதிரி பாதி மரத்து பாதி நன்றாக இருந்தால், கழுத்து வேரால் அப்படிப் பிரிப்பது கஷ்டம்.

கடைசியாக, கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் மேட்டின் தோல். அங்கே உணர்ச்சி சரியாக இருந்து விரல்கள் மட்டும் மரத்தால் மணிக்கட்டுச் சந்தேகம் கூடும், ஏனென்றால் அந்தத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டில் மீடியன் நரம்பு நுழைந்து போகும், நெரிசல் இருக்கும் குறுகிய சுரங்கத்துக்குள் நுழையாமல் முன்னாலேயே பிரிந்து வெளியே வந்துவிடுகிறது.

இரவு_ஷிப்ட்:

ஏழாம்_எலும்பு சொன்ன எம்.ஆர்.ஐ. விஷயத்தில் நான் ஒரு உதாரணம், அதனால் எழுதுகிறேன்.

இடது கை வலி. நேரே கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தேன், நானே கேட்டு எடுத்தேன் என்பதுதான் வேதனை. அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் டமடமவென்று யாரோ தகரத்தை அடிப்பது போல சத்தம், வெளியே வந்தால் "சி5-சி6, சி6-சி7 டிஸ்க் பிதுக்கம், நரம்பு வேரை லேசாகத் தொடுகிறது". போதாதா? எட்டு மாதம் கழுத்தை இழுத்துவிடும் டிராக்ஷன், கழுத்துக்கு மாத்திரை, தலையணையை மாற்று, போனைக் குனிந்து பார்க்காதே. ஆபரேஷன் வரைக்கும் பேச்சு வந்தது. இதற்கிடையில் கை மேலே போவது குறைந்துகொண்டே வந்தது, பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை, சட்டை மாட்டும்போது அந்தக் கையை முதலில் நுழைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அதெல்லாம் கழுத்தால் என்றே நினைத்தேன்.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான டாக்டர். ஃபைலைத் திறக்கவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார், நான் கழற்றுகிற விதத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார், வலது கை நன்றாகப் போனது, இடது கை கொஞ்சம்கூட நகரவில்லை. "சுகர் பார்த்தது எப்போது?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 9.1, சர்க்கரை நோய். உறைந்த தோள், சர்க்கரை இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்று அப்புறம் படித்தேன். தோளுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தார், மூட்டுத் தேய்மானம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. பொய் சொல்லவில்லை, டிஸ்க் இன்றைக்கும் பிதுங்கித்தான் இருக்கிறது, தோள் சரியான பிறகு வலி போய்விட்டது.

அதனால் ரத்தப் பரிசோதனையை லேசாக நினைக்காதீர்கள் வானம்பாடி. யூரிக் ஆசிட் உங்கள் விஷயத்தில் தேவையா என்று தெரியாது, மூட்டு சிவந்து வீங்கினால் பார்க்கலாம். ஆனால் சுகர், தைராய்டு, பி12 இவை மூன்றும் ஒரே ஊசியில் முடிகிற வேலை.

சும்மா_ஒரு_கருத்து:

இத்தனை டெஸ்ட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கழுத்து நரம்பு வலியே பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில், மிஞ்சிப்போனால் சில மாதங்களில் ஆபரேஷன் இல்லாமல் தானாகக் குறையும். எடுத்த டெஸ்டால் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும்? கொஞ்சம் பொறுங்கள், கையை ஓய்வாக வையுங்கள்.

ஏழாம்_எலும்பு:

நீங்கள் சொல்வது வலி புதிதாக வந்தவர்களுக்குப் பொருந்தும், நானும் அதையே சொல்லுவேன். இவர்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, கையிலிருந்து பொருள் நழுவுகிறது. பலம் குறையத் தொடங்கினால் பொறுத்திருப்பது நல்ல யோசனை இல்லை, மெலிந்துபோன தசை பழையபடி திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது.

காத்திருக்கவே கூடாத ஆட்களும் உண்டு. கை வலியோடு நடை தள்ளாடுகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடமே அழுந்துகிறது என்று பொருள். அங்கே கழுத்து எம்.ஆர்.ஐ.தான் முதல் டெஸ்ட், அதுவும் உடனே. கை முழுக்க வீங்கி நீலம் பாய்ந்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, இவை இருந்தால் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளோடு ஸ்கேனும் சீக்கிரம் பார்க்க வேண்டும். நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டிகூட கை வலியாக வருவது உண்டு, அதிலும் புகைபிடிப்பவர்களுக்கு சுண்டுவிரல் பக்கம் ஓயாத வலி என்றால் மார்பு எக்ஸ்ரே பார்க்காமல் விடக்கூடாது.

வானம்பாடி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பஞ்சு வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, காலையில் விழித்ததும் மரத்திருக்கும்போதே பார்த்தால்தான் தெரிகிறது. மோதிர விரலில் நடுவிரல் பக்கம் மங்கலாக, உறை போட்ட மாதிரி இருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் பளிச்சென்று தெரிகிறது! ஒரே விரலில் இரண்டு உணர்ச்சி, நானே நாலு தடவை தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் மேட்டில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. ஃபாலன் டெஸ்டில் 30 விநாடிக்குள் விறுவிறுவென்று ஏறிவிட்டது. கையைத் தலை மேல் வைத்தால் நிம்மதி எல்லாம் இல்லை, இன்னும் மரக்கிறது.

ஆனால் தோளில் இருந்து குடைகிறதே, அது எப்படி? மணிக்கட்டில் பிரச்சினை என்றால் வலி மேலே ஏறுமா?

மின்தடை:

ஏறும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியவர்களில் கணிசமான பேர் முன்கை வலி, தோள் வலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் நரம்பு டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியன், ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். நீங்கள் கேட்ட கரண்ட் விஷயத்துக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

ஆமாம், கரண்ட்தான், ஆனால் நினைக்கிற அளவு இல்லை. இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம் நரம்புக் கடத்தல் சோதனை, என்சிஎஸ் என்போம். கட்டைவிரல் மேட்டில் ஒரு எலக்ட்ரோடை ஒட்டி மணிக்கட்டில் நரம்பு மேல் ஒரு தட்டு தட்டுவோம், கட்டைவிரல் தன்னால் துள்ளும். பார்க்கிறவர்கள் முதல் தடவை சிரித்துவிடுவார்கள். அந்தத் தட்டல் போய்ச் சேர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று கணக்கு. அப்புறம் முழங்கையிலும் ஒரு தட்டு, தூரத்தை டேப்பால் அளந்து வேகம் கணக்கிடுவோம். கை நரம்பில் பொதுவாக விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை சரியான வேகத்தில் வந்த சிக்னல் மணிக்கட்டைத் தாண்டும்போது மட்டும் தாமதமானால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. பக்கத்து அல்னார் நரம்பையும் எடுத்து ஒப்பிடுவோம், அது நன்றாக இருந்து மீடியன் மட்டும் தாமதம் என்றால் சந்தேகம் இல்லை. இரண்டுமே தாமதம் என்றால் சுகர் மாதிரி ஏதாவது எல்லா நரம்பையும் பாதிக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பாகம் ஈஎம்ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்து, ஓய்வில் அது சும்மா இருக்கிறதா என்று கேட்போம். கேட்போம் என்றால் நிஜமாகவே ஸ்பீக்கரில் கேட்போம். நல்ல தசை ஓய்வில் மௌனமாக இருக்கும். நரம்புத் தொடர்பு அறுந்த தசை தகரக் கூரையில் தூறல் விழுவது மாதிரி டப் டப் என்று முணுமுணுக்கும். கரண்ட் எதுவும் இதில் இல்லை, ஊசி வலி மட்டும்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று. கழுத்தில் வேர் அழுந்தியவருக்கு விரல் நன்றாக மரத்திருக்கும், உணர்வு நரம்பை நாங்கள் சோதித்தால் நார்மல் என்று வரும்! மிஷின் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டவர்கள் உண்டு. உணர்வு நரம்பின் உயிரணு கழுத்தெலும்பு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் அழுத்துவது பெரும்பாலும் அந்த முடிச்சைத் தாண்டி, தண்டுவடப் பக்கம். அதனால் முடிச்சில் இருந்து விரல் வரை உள்ள கம்பி உயிரோடு இருக்கிறது, நாங்கள் சோதிப்பது அந்தக் கம்பியை. செய்தி மேலே போகும் வழியில்தான் தடை. ஆகவே மரத்த விரலில் உணர்வுச் சோதனை கெட்டிருந்தால் மணிக்கட்டு, முழங்கை என்று கைப்பக்கம் தேடலாம். அது நார்மலாக இருந்து, கையை நீட்டும் தசை, மணிக்கட்டை மடக்கும் தசை என்று ஒரே வேரில் இருந்து வரும் பல தசைகள் ஈஎம்ஜியில் முணுமுணுத்தால் கழுத்து. கழுத்தா கையா என்ற உங்கள் கேள்விக்கு இந்த டெஸ்ட் இவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான், என் பிழைப்பு என்பதற்காக மட்டும் இல்லை.

வருவதற்கு முன்னால் சில விஷயம். கையில் எண்ணெய், லோஷன் தடவ வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டாது. பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கை சில்லென்று இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்: தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும், ஏசி அறையில் விறைத்த கையை அப்படியே சோதித்தால் நல்ல நரம்பும் நோயாளி ஆகிவிடும். நாங்கள் 32 டிகிரிக்குக் கொண்டுவந்துதான் தொடங்குவோம். அப்புறம், ஊசிப் பாகத்தை வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே எடுத்துப் பயன் இல்லை, தசை முணுமுணுக்கத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு மூன்று மாதம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆரம்பக் கட்ட நெரிசலில் எங்கள் டெஸ்ட் நார்மலாக வருவதும் நடக்கும். அப்போது மணிக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட் உதவும், சுரங்கத்துக்கு முன்னால் நரம்பு வீங்கி இருக்கிறதா என்று குறுக்களவு பார்ப்பார்கள், பெரும்பாலும் 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்படுவார்கள்.

பழைய_சைக்கிள்:

மின்தடை அண்ணே, ஒரு சந்தேகம். மணிக்கட்டில் விரலால் தட்டிப் பார்த்து கரண்ட் அடிக்கிறதா என்று டாக்டர்கள் கேட்கிறார்களே, அதுவும் இதே டெஸ்ட்தானா?

ஏழாம்_எலும்பு:

அது டினெல் குறி, மிஷின் எதுவும் இல்லை. பிரான்ஸ் நாட்டு டாக்டர் டினெல் 1915இல், போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களைப் பார்த்து எழுதியது. அறுந்த நரம்பு திரும்ப எதுவரை வளர்ந்திருக்கிறது என்று தட்டிக்கொண்டே போய்க் கண்டுபிடிப்பார். மணிக்கட்டு நெரிசலுக்கு அதை நாம் எடுத்துக்கொண்டது பின்னால் வந்த பழக்கம். உபயோகம்தான், ஆனால் தட்டி ஒன்றும் வரவில்லை என்பதால் நெரிசல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வானம்பாடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போனேன், இன்னொருவரைத் தேட அலுப்பாக இருந்தது. மோதிர விரல் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார், யார் சொன்னது என்று கேட்டார், நானே கவனித்தேன் என்று சொல்லிவிட்டேன் (மன்னியுங்கள் ஏழாம்_எலும்பு). அதற்கப்புறம் முழுசாகப் பதினைந்து நிமிடம் பரிசோதித்தார். ஸ்பர்லிங்கில் கழுத்து பிடித்ததே தவிர கைக்கு எதுவும் இறங்கவில்லை. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார், வலது கை சட்டென்று தோற்றுவிட்டது.

நரம்பு டெஸ்ட் எடுத்தேன். கரண்ட், ரப்பர் பேண்டைச் சுண்டுகிற மாதிரிதான் இருந்தது, முழங்கையில் வைத்தபோது மட்டும் தூக்கிவாரிப் போட்டது. ஊசிதான் வலித்தது. கை சில்லென்று இருக்கிறதே என்று நானே கேட்டு வெந்நீரில் வைக்கச் சொன்னேன், அந்த டெக்னீஷியன் தம்பி ஒரு மாதிரி பார்த்தார். வலது மணிக்கட்டில் மீடியன் நரம்பு தாமதம், 5.2 மில்லி செகண்ட், நடுத்தர அளவு நெரிசல் என்று எழுதியிருக்கிறது. அல்னார் நார்மல். கழுத்து வேர் பாதிக்கப்பட்டதற்கு அடையாளம் இல்லை. இடது கையிலும் லேசாக இருக்கிறதாம், எனக்கு இடது கையில் எதுவும் தெரியவில்லை.

ரத்தத்தில் சுகர் சரி, பி12 சரி, தைராய்டுக்கான டிஎஸ்எச் 14. இந்த எண் ஏறினால் தைராய்டு குறைவு என்று பொருளாம். அதுவும் மணிக்கட்டு நெரிசலுக்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். உடம்பு ஊதியதற்கும் எப்போதும் அசதியாக இருந்ததற்கும் நான் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டு வளையாமல் இருக்க ராத்திரி மட்டும் ஒரு பட்டை, தைராய்டு மாத்திரை, ஆறு வாரம் கழித்து கட்டைவிரல் பலத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், தேறவில்லை என்றால் ஊசி அல்லது சின்ன ஆபரேஷன். பட்டை போட்டு எட்டு நாள் ஆகிறது. அதில் ஆறு ராத்திரி விழிக்காமல் தூங்கினேன். பகல் குடைச்சல் பாதி இருக்கிறது.

இரவு_ஷிப்ட்:

நல்ல செய்தி. அந்தக் கழுத்து எம்.ஆர்.ஐ. சீட்டு என்ன ஆனது?

வானம்பாடி:

பர்ஸில்தான் இருக்கிறது. இப்போது தேவையில்லை, பலம் குறைந்துகொண்டே போனாலோ கழுத்திலிருந்து இறங்கினாலோ எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கழுத்துப் பட்டையை யாருக்காவது கொடுக்கலாமா என்று பார்த்தேன், வீட்டில் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.